125 மீட்டர், 34 நொடி: டார்பிடோ கார் ஒன்றைச் சின்னதாகச் செய்த கதை

மூக்கு மூன்றாவது முறையும் கிழிந்தது. முதல் இரண்டு தடவை தகட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல்தான் விட்டது. இந்தத் தடவை நுனியிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்துக்குப் பழைய செருப்பு வார் மாதிரிப் பிய்ந்து வந்துவிட்டது. கையில் கொட்டாப்புளி, முன்னால் மணல் மூட்டை, மணி இரவு பதினொன்று. "அப்பா, பக்கத்து வீட்டுப் பாட்டி லைட்டப் போட்டுட்டாங்க" என்று மகள் மாடியிலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

செய்ய நினைத்தது ஒரு கார். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார், 1899-ல் பிரான்சில் ஓடியது. பெயர் லா ஜாமே கோந்தாந்த். பிரெஞ்சில் 'ஒருநாளும் திருப்திப்படாதவள்' என்று பொருள். ஓட்டியவர் காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர். படத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நான்கு சக்கரத்தின் மேல் ஒரு டார்பிடோவை, அதாவது தண்ணீரில் பாய்ந்து கப்பலை உடைக்கும் நீளக் குண்டைப் படுக்கவைத்து, அதன் முதுகில் ஒரு மனுஷனை இடுப்புவரை செருகிய மாதிரி இருக்கும். என் அலமாரியில் வேறு பந்தயக் கார் மாதிரிகள் இருக்கின்றன, எல்லாம் பெட்டியில் வாங்கி ஒட்டியவை. இதை மட்டும் தகட்டிலிருந்து ஆரம்பித்து நானே செய்ய வேண்டும், செய்தால் ஓட வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. இது பெட்ரோல் கார் இல்லை. பேட்டரியும் மோட்டாரும்தான். 1898 டிசம்பரிலிருந்து 1899 ஏப்ரல்வரை தரைவேகச் சாதனை ஆறு முறை எழுதப்பட்டது. ஆறும் மின்சாரக் கார்கள். நூறாண்டு கழித்து மின்சாரக் காரைப் புதுமை என்று விற்கிறார்கள்.

அந்த ஆறு சாதனைகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன், என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கமே அதுதான். பாரிசுக்குப் பக்கத்தில் அஷேர் என்று ஓர் இடம். நகரத்துக் கழிவுநீரைப் பாய்ச்சிப் பயிர்செய்த வயல்களுக்கு நடுவே நேராக, சமமாக ஒரு ரோடு. 1898 டிசம்பர் 18 அன்று அங்கே ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் கவுன்ட் காஸ்தோன் ஷாஸ்லூ-லோபா என்பவர் ஜான்தோ என்ற நிறுவனத்தின் மின்காரில் ஒரு கிலோமீட்டரை 57 நொடியில் கடந்தார். மணிக்கு 63 கிலோமீட்டர் சொச்சம். ஜெனாட்சி அன்றைக்குக் களத்தில் இல்லை. செய்தியைப் பார்த்துவிட்டுச் சவால் விட்டார். 1899 ஜனவரி 17 அன்று வந்து 54 நொடியில் ஓட்டினார். அதே நாளில் கவுன்ட் திருப்பி 51.2 நொடி, எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய மோட்டார் கருகியே போனது, மிச்ச தூரத்தை வண்டி உருண்டே கடந்தது. பத்து நாள் கழித்து ஜெனாட்சி 44.8. மார்ச் 4 அன்று கவுன்ட் தன் காருக்குக் கூர்மூக்கும் கூர்வாலும் கட்டிக்கொண்டு வந்து 38.8. ஏப்ரல் 29 அன்று ஜெனாட்சி இந்த டார்பிடோவோடு வந்தார். 34 நொடி. மணிக்கு 105.88 கிலோமீட்டர்.

ஒரு கிலோமீட்டருக்கு 36 நொடி என்றால் மணிக்குச் சரியாக 100. அதனால் 34 என்ற எண் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

எட்டில் ஒரு பங்கு என்று அளவை முடிவுசெய்ததும் மற்றதெல்லாம் தானாக விழுந்தது. அசல் வண்டி 3.8 மீட்டர் நீளம். எனக்கு 475 மி.மீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.84 மீட்டர், எனக்கு 230 மி.மீ. சக்கர விட்டம் 65 செ.மீ.; எனக்கு 81 மி.மீ. எடை 1,450 கிலோ. அதை எட்டால் வகுத்தால் போதாது, எட்டை மூன்று தடவை பெருக்கி 512-ஆல் வகுக்க வேண்டும், 2.83 கிலோ. ஒரு கிலோமீட்டர் எனக்கு 125 மீட்டர். அதை 34 நொடியில் கடந்தால் கணக்கு நேர். மணிக்கு 13 கிலோமீட்டர்தான், சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கூடு

அசல் கூட்டைக் கட்டியது ரோத்ஷில்ட் என்ற பாரிஸ் நிறுவனம். தகடு பார்ட்டினியம் என்ற கலவை: அலுமினியத்தோடு டங்ஸ்டனும் மக்னீசியமும். மின்பகுப்பு முறையில் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி 1886-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் அது விலையுயர்ந்த உலோகம். பதின்மூன்றே வருஷத்தில் அதைக் கார் கூடாக வளைத்திருக்கிறார்கள் என்றால் துணிச்சல்தான்.

நான் வேப்பங்கட்டையில் முதலில் டார்பிடோ வடிவத்தை லேத்தில் கடைந்து வாங்கினேன். விட்டத்துக்கு அளவு கிடைக்காததால் பழைய பக்கவாட்டுப் படத்தில் சக்கரத்தையே அடிக்கோலாக வைத்து அளந்தேன். நடுவில் 90 மி.மீ. என்று வந்தது. டர்னர் அண்ணன் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, ராக்கெட்டா? தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குதே" என்றார். கார் என்று சொன்னேன். நம்பவில்லை. படத்தைக் காட்டிய பிறகு இன்னும் நம்பவில்லை.

தகடு வாங்கியதில்தான் முதல் தப்பு. பஸ் பாடி கட்டும் இடத்தில் மிச்சம் விழுந்த அலுமினியத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. பளபளவென்று, விறைப்பாக, பார்க்க லட்சணமாக இருந்தன. அந்த விறைப்புதான் வினை. வளைக்கிற வேலைக்கு அது ஆகாது. மூன்று மூக்குகள் கிழிந்தது அதில்தான். நான்காவது நாள் மெயின் ரோட்டு டிங்கரிங் கடைக்குப் போய்ப் பாயிடம் கிழிந்ததைக் காட்டினேன். அவர் தகட்டை விரலால் சுண்டினார். 'டிங்' என்றது.

"சத்தத்தக் கேட்டீங்களா? இது எறுகிப்போன தகடு. அடிக்க அடிக்க இன்னும் எறுகும். சூடு காட்டி எளக்கினீங்களா?"

"காட்டினேன் பாய். ஓட்டை விழுந்துருச்சு."

அவர் சிரித்ததில் தப்பே இல்லை. இரும்பைச் சூடாக்கினால் செவக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்று நிறமே சொல்லும். அலுமினியம் அப்படி இல்லை. உருகும் நொடிவரை முகத்தில் ஒன்றும் காட்டாது, திடீரென்று நடுவில் தொப்பென்று விழும். அதற்குப் பாய் சொன்ன வழி துணி சோப்பு. பார் சோப்பைத் தண்ணீர் தொட்டுத் தகடு முழுக்கத் தேய்க்க வேண்டும். காஸ் விளக்கின் சுடரைக் கீழேயிருந்து, ஓரிடத்தில் நிற்காமல் ஆட்டியபடியே காட்ட வேண்டும். சோப்பு முதலில் வெண்மையாகப் பொரியும், பிறகு பழுப்பாகும், பிறகு காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுக்கும். கறுத்த உடனே சுடரை எடுத்துவிட வேண்டும். ஆறியதும் தகடு நனைந்த அட்டை மாதிரித் தொய்ந்து கிடக்கும். சுண்டினால் 'தப்' என்று சொல்லும். கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போகும்போது அந்த 'தப்' மெல்ல மெல்ல 'டப்' ஆகி 'டங்' என்று மாறும். 'டங்' கேட்டால் கையை எடுத்துவிட்டு மறுபடி சோப்பு. ஒரு பக்கத் தகட்டுக்கு நான் ஆறு தடவை சோப்பு போட்டேன். என் காதை நான் இவ்வளவு நம்பி வேலை செய்தது இதுதான் முதல் தடவை.

உடலை நான்கு நீளத் தகடுகளாகப் பிரித்து, கட்டையின் மேல் பலாச்சுளை மாதிரி ஒட்டிப் பொருத்தி, சின்ன அலுமினிய ரிவெட்டுகளால் தைத்தேன். வெல்டிங் யோசிக்கவே இல்லை. 0.7 மி.மீ. தகட்டில் நான் வெல்டிங் வைத்தால் கூடு இருக்காது, ஓட்டைதான் இருக்கும்.

மூக்கும் வாலும் மட்டும் சோப்புக்கும் மசியவில்லை. கூம்பு நுனியில் தகடு சுருங்கவே மாட்டேன் என்கிறது, மடிப்பு மடிப்பாகப் புடவைக் கொசுவம் மாதிரி நிற்கிறது. கடைசியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறைக்குப் போனேன். சட்டி, மூடிக்கெல்லாம் வட்டமாக வெட்டி வரும் தகட்டை அங்கே 'சர்க்கிள்' என்கிறார்கள். என் வேப்பங்கட்டையின் முனையை அறுத்து லேத்தில் மாட்டி, அதன் மேல் சர்க்கிளை வைத்து, சுழலவிட்டு, கைப்பிடி நீண்ட இரும்புக் கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓர் ஆள் அழுத்தினார். தகடு தண்ணீர் மாதிரி வழிந்து கட்டையைப் போர்த்திக்கொண்டது. மூக்குக்கு நான்கு நிமிஷம். வாலுக்கு மூன்று. நான் இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகப் பாட்டியை எழுப்பிய வேலை. எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு டீ வாங்கிக் குடுங்க சார்" என்றார்.

மோட்டார்

இங்கேதான் நான் இந்த வண்டியை முதன்முதலாக மதிக்க ஆரம்பித்தேன்.

அசலில் போஸ்தெல்-வினே நிறுவனத்தின் இரண்டு மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 200 வோல்ட், 124 ஆம்பியர். பெருக்கினால் 25 கிலோவாட். இரண்டும் சேர்ந்து சுமார் 68 குதிரைசக்தி. முக்கியமான சங்கதி, கியரும் இல்லை செயினும் இல்லை. மோட்டார்கள் நேராகப் பின்சக்கரங்களையே சுற்றின. 65 செ.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.04 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு 490 சுற்று. அதை 34 நொடியில் சுற்றினால் நிமிஷத்துக்கு 865 சுற்று. மோட்டாருக்கு இது மந்தமான வேகம். மந்தமாகச் சுற்றி இவ்வளவு சக்தி தர வேண்டுமென்றால் மோட்டார் பெரிதாக, கனமாக இருக்க வேண்டும். கியர் போட்டால் சின்ன மோட்டார் போதும். ஆனால் கியரில் சக்தி வீணாகும், பல் உடையும். ஜெனாட்சி கனத்தைத் தேர்ந்தெடுத்தார்.

என் மாதிரிக்கும் அதே 865 சுற்றுதான் வேண்டும். தூரமும் எட்டில் ஒன்று, சக்கரமும் எட்டில் ஒன்று, ஆகவே சுற்று மாறாது. கடையில் கிடைக்கும் கியர் வைத்த சின்ன மோட்டார் இரண்டு போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். மனசு ஒப்பவில்லை. 775 என்ற அளவு மோட்டார், 42 மி.மீ. விட்டம், 12 வோல்ட்டில் 3,500 சுற்று சுற்றும் ரகம் ஒன்று உண்டு. அதற்கு 4 வோல்ட் மட்டும் கொடுத்தால் வெறுமனே 1,150 சுற்று சுற்றும், சுமை ஏறினால் 900-க்கு இறங்கும். கச்சிதம். ஆன்லைனில் இரண்டு வாங்கினேன். லேபிளில் 3,500 என்றுதான் இருந்தது. சுற்றை எண்ணும் டாக்கோமீட்டரைக் காட்டினால் 12,000-க்குப் பக்கம். லேபிளை உரித்தேன், அடியில் இன்னொரு லேபிள். திருப்பி அனுப்பி, வேறு இடத்தில் வாங்கி, இரண்டு வாரம் போனது.

4 வோல்ட்டுக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டாம். எமர்ஜென்சி விளக்கில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 4 வோல்ட்தான். ஜெனாட்சி வைத்திருந்த ஃபுல்மென் பேட்டரிகளும் ஈயமும் ஆசிட்டும்தான். லித்தியம் செல் போட்டால் பாதி எடை குறைந்திருக்கும், ஆனால் அது ஏமாற்று. வீட்டு விளக்கு ஒன்று அன்றோடு ஓய்வுபெற்றது.

கன்ட்ரோலர் போர்டும் வைக்கவில்லை. ஒரே ஒரு சுவிட்ச், அதைத் தட்ட ஒரு சின்ன சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார். சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் இரண்டு மோட்டாரும் தொடராக இணையும், ஆளுக்கு 2 வோல்ட், மெதுவான புறப்பாடு. மறுபக்கம் தட்டினால் பக்க இணைப்பு, ஆளுக்கு 4 வோல்ட், முழு வேகம். அந்தக் காலத்து டிராம்களும் மின்வண்டிகளும் இப்படித்தான் ஓடின. எலக்ட்ரானிக்ஸ் இல்லாத உலகத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. தடுப்பான் போட்டு வோல்ட்டைக் குறைத்தால் பாதி மின்சாரம் சூடாகப் போய்விடும்.

பாடியைத் தாங்க மரச்சட்டம், ஹாக்சா பிளேடை உடைத்து வில். முன் அச்சைத் திருப்ப இன்னொரு சர்வோ. சக்கரம் அலுமினியத்தில் கடைந்தது. டயர் கம்ப்ரசர் ஹோஸ். சாய்வாக வெட்டி, வளையமாக்கிச் சூப்பர் குளூவில் ஒட்டினேன். அசலுக்கு டயர் கொடுத்தது மிஷெலின். என் ஒட்டு அந்த அளவுக்கு நிற்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டம்

125 மீட்டர் நேர் ரோடு, முன்னால் வேகமெடுக்க முப்பது மீட்டர், பின்னால் நிற்க முப்பது. ஊருக்குள் இப்படி ஓரிடம் தேடிப் பாருங்கள். கடைசியில் பைபாஸ் பக்கம் மனை பிரித்துப் போட்ட ஒரு லேஅவுட் அகப்பட்டது. புதுத் தார் ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் கல், ஒரு வீடும் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு டேப் பிடித்து அளந்து சாக்பீஸில் கோடு போட்டோம். மகள் இந்தப் பக்கக் கோட்டில், பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பக்கக் கோட்டில். வண்டி கோட்டைத் தொடும்போது இவள் கையை இறக்குவாள், அவன் ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவான். அங்கிருந்த நாய்கள் மூன்று ஆர்வமாகப் பார்த்தன.

முதல் நாள் தொடர் இணைப்பில் மட்டும் ஓட்டினேன். 58.9 நொடி. கவுன்ட்டின் முதல் ஓட்டத்தையே தொட முடியவில்லை! பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி: 56.2. சரி, 1898 டிசம்பரைத் தாண்டிவிட்டோம். மகள் நோட்டில் கவுன்ட் பெயருக்கு எதிரே டிக் போட்டாள்.

பக்க இணைப்புக்கு மாற்றியதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. லேசாக இல்லை, ஐந்து மீட்டரில் மஞ்சள் கல்லை நோக்கிப் போனது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டியதில் 43.5. தொடரில் நேராகப் போகிற வண்டி பக்க இணைப்பில் ஏன் வளைய வேண்டும்? சக்கரத்தை மாற்றினேன், அச்சை அளந்தேன், ஒன்றும் இல்லை. ராத்திரி படுக்கையில் புரிந்தது. இரண்டு மோட்டாரும் முதுகோடு முதுகு வைத்திருப்பதால் ஒன்று வலம் சுற்றினால் மற்றது இடம் சுற்ற வேண்டும். இந்த மோட்டார்களில் பிரஷ்ஷை, சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டை, சற்றே முன்தள்ளி வைத்திருக்கிறார்கள், ஒரு திசையில் கூடுதல் வேகம் கிடைப்பதற்காக. எதிர்த்திசையில் அதே மோட்டார் சோம்பேறி. டாக்கோமீட்டரில் ஒன்று 1,190, மற்றது 1,040. தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் இழுவிசை சமமாக இருந்து வித்தியாசம் மறைந்துவிட்டது. மோட்டாரின் பின்மூடியைப் பிடித்திருக்கும் காதுகளை நிமிர்த்தி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரண்டு திசையிலும் ஒரே சுற்று வரும் இடத்தில் நிறுத்தி மறுபடி மடக்கினேன். ஒரு மூடிக்கு ஒரு மாலை. அடுத்த ஞாயிறு வண்டி நூல் பிடித்தாற்போல நேராகப் போனது: 39.6.

கவுன்ட்டின் கூர்மூக்குக் காருக்கு 0.8 நொடி பின்னால்.

அதற்கு மறு ஓட்டத்தில் வலது பின்டயரின் ஒட்டு விட்டது. டயர் ஒரு சாட்டை மாதிரி இரண்டு தடவை சட்டத்தை அடித்துவிட்டுச் சாலையோரம் பறந்தது, நாய் கவ்விக்கொண்டு ஓடியது. பையன் துரத்தினான். நாய் ஜெயித்தது.

புது டயர்களை ஒட்டி, சக்கரத்தோடு லேத்தில் மாட்டி உப்புத்தாளைப் பிடித்து வட்டம் பார்த்துக்கொண்டேன். அதோடு இன்னொரு மாற்றம்: முழு வேகத்தில் பேட்டரியின் வோல்ட்டை மீட்டரில் பார்த்தால் 4.1 என்று நிற்பதற்குப் பதில் 3.5-க்கு விழுந்தது. லெட்-ஆசிட் அப்படித்தான், அவசரமாக இழுத்தால் சோர்ந்துபோகும். இரண்டாவது பேட்டரி ஒன்றைப் பக்க இணைப்பில் சேர்த்தேன். வண்டி எடை 2.3-லிருந்து 2.6 கிலோ ஆனது. எடை கூடினால் வேகம் குறையும் என்று பையன் வாதாடினான். 36.4 வந்தது. சமதரையில் ஒரே வேகத்தில் ஓடுகிற வண்டிக்கு எடை அவ்வளவு பெரிய எதிரி இல்லை, வோல்ட்தான் எஜமான். ஒன்றரை டன் காரில் ஜெனாட்சி ஏன் அத்தனை பேட்டரியை அடுக்கினார் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் எனக்குச் சொல்லியிருக்காது.

ஓட்டுநர்

எம்-சீலில் ஓட்டுநரைச் செய்தேன். இடுப்புக்கு மேல் மட்டும், கண்ணாடி, தொப்பி, செந்தாடி. அந்தத் தாடிக்காகத்தான் அவரைச் 'செஞ்சாத்தான்' என்று கூப்பிட்டார்கள். 1903-ல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் மெர்சிடிஸ் ஓட்டி ஜெயித்ததும் இதே மனுஷன்தான். சாவு மட்டும் காரில் வரவில்லை, அல்லது கிட்டத்தட்ட வந்தது. 1913 டிசம்பரில் நண்பர்களோடு வேட்டைக்குப் போன இடத்தில், விளையாட்டாகப் புதருக்குப் பின்னால் ஒளிந்து மிருகம் மாதிரி உறுமியிருக்கிறார். நண்பர் நிஜ மிருகம் என்று சுட்டுவிட்டார். மெர்சிடிஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போனது.

பொம்மையை வண்டியில் உட்காரவைத்து முன்பக்கமிருந்து வரைபடத் தாளில் நிழலைப் படியெடுத்துக் கட்டம் எண்ணினேன். டார்பிடோவின் குறுக்குவெட்டு 64 சதுர செ.மீ. அதற்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஜெனாட்சியின் மார்பும் தலையும் மட்டும் 42. மூன்றில் இரண்டு பங்கு! கீழே மறைப்பே இல்லாமல் சட்டம், அச்சு, மோட்டார், சக்கரம் எல்லாம் காற்றில். இவ்வளவு பாடுபட்டு வழவழப்பாக வளைத்த கூட்டின் மேல் ஆளை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்த மாதிரி வைத்திருக்கிறார்கள். காற்றைக் கிழிக்கிற வடிவம் என்று அந்தக் காரைப் புகழாத கட்டுரை இல்லை. எனக்கு அந்தப் புகழ்ச்சியில் நம்பிக்கை போய்விட்டது. 38.8 நொடியிலிருந்து 34-க்கு வர வேகம் 14 சதவீதம் கூட வேண்டும். காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், ஆக அதற்கு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். அதில் பெரும்பங்கைக் கொடுத்தது மூக்கு இல்லை, அந்த இரண்டு மோட்டாரும் 200 வோல்ட்டும்தான் என்பது என் கட்சி. என் மாதிரியை வைத்து இதை நிரூபிக்க முடியாது, 13 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குப் பெரிய வேலை இல்லை. பொம்மையோடும் பொம்மை இல்லாமலும் ஓட்டினேன், வித்தியாசம் ஸ்டாப்வாட்ச் பிழைக்குள் மறைந்துபோனது.

நூறைத் தாண்டினால் மனிதனுக்கு மூச்சு முட்டும் என்று அப்போது பயந்தார்கள் என்று ஒரு கதையும் கூடவே வரும். ரயில்கள் அந்த வேகத்தை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எட்டிவிட்டன, உள்ளே உட்கார்ந்தவர்கள் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று வருஷம் நின்ற ஜெனாட்சியின் சாதனையை 1902 ஏப்ரலில் நீஸ் நகரில் லியோன் செர்போலே உடைத்தார், மணிக்கு 120.8 கிலோமீட்டர். அது நீராவிக் கார்.

போன ஞாயிறு

பேட்டரி இரண்டும் ராத்திரி முழுக்கச் சார்ஜில். காலையில் லேசான காற்று, பின்னாலிருந்து. வண்டி முதல் கோட்டைத் தாண்டும்போதே சத்தம் வேறு மாதிரி இருந்தது. பையன் வாட்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். 34.0.

மகள் குதித்தாள். நானும்தான். பிறகு ரோட்டைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று ஓரத்து மண் காட்டிக்கொடுத்தது. நாங்கள் ஓட்டிய திசையில்தான். பின்காற்று வேறு.

1899-ல் ஒரு திசை ஓட்டம் போதும், அப்படித்தான் எழுதினார்கள். இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும் என்ற விதி பின்னால் வந்தது; அந்த விதிப்படி முதல் சாதனையை 1914-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஹார்ன்ஸ்டெட் என்பவர் பென்ஸ் காரில் செய்தார். ஜெனாட்சி காலத்துக் கணக்கில் நாங்கள் ஜெயித்துவிட்டோம், விட்டுவிடலாம். "திருப்பி ஓட்டிப் பாக்கலாம்ப்பா" என்றாள் மகள். வண்டியின் பேரை அவளுக்கு அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்தது நான் செய்த தப்பு.

திருப்பி ஓட்டினோம். 38.2. சராசரி 36.1. அசல் கணக்கில் மணிக்கு 99.7.

முன்சக்கர பியரிங் இரண்டிலும் கெட்டி கிரீஸ் அடைத்திருக்கிறேன், விரலால் சுற்றிவிட்டால் மூன்று சுற்றில் நின்றுவிடுகிறது. இன்று மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன். நாளைக்குத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.